மனப்பாடமான பாட்டை மேடையில் கேட்பது: சென்னையில் ட்ரிபியூட் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கர்நாடகக் கச்சேரியில் பாடகர் அடுத்து எந்த ராகத்தை எடுப்பார், எந்த வரியில் நின்று அதையே விதவிதமாக விரித்துப் பாடும் நிரவலைத் தொடங்குவார் என்பது கீழே உட்கார்ந்திருப்பவருக்கு முன்கூட்டித் தெரியாது. தெரியாமல் இருப்பதிலேயே பாதிச் சுகம் இருக்கிறது. ஓர் இசையமைப்பாளரின் பாடல்களை அல்லது ஒரு பாடகரின் பாடல்களை மட்டும் எடுத்துக்கொண்டு வேறொரு குழு நடத்தும் ட்ரிபியூட் கச்சேரியில் கதை நேர்மாறு. அங்கே அரங்கம் முழுவதும் பாட்டை மனப்பாடமாக வைத்திருக்கிறது. முதல் இடையிசையில் புல்லாங்குழல் எங்கே நுழையும், இரண்டாம் சரணத்துக்கு முன் தபேலா எந்த உருட்டலோடு நிற்கும் என்பது வரை பின்வரிசைக்காரருக்கும் தெரியும். அந்த மாலையின் மகிழ்ச்சி இதிலிருந்துதான் வருகிறது. தொல்லையும் இதிலிருந்துதான் வருகிறது. பல ஆண்டுகளாகச் சென்னையில் இத்தகைய கச்சேரிகளுக்குப் போய்வருபவன் என்ற முறையிலும், அவற்றுள் சிலவற்றில் பக்கத்து இருக்கைக்காரரின் பொறுமையைச் சோதித்தவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் 'இசை அஞ்சலி' என்ற சொல் இருக்கிறது. ஆனால், தெருமுனையில் ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளுக்குப் பழகிய நமக்கு, உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் அஞ்சலி என்று போட்டால் நெஞ்சு திக்கென்கிறது. அதனால்தான் விளம்பரம் செய்பவர்களும் 'நைட்' என்றும் 'ட்ரிபியூட்' என்றும் போடுகிறார்கள். நானும் அதையே பின்பற்றுகிறேன்.

எதைக் கேட்கப் போகிறோம் என்ற தெளிவு

மேலை நாடுகளில் இது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. பீட்டில்ஸ் பிரிந்து ஏழு ஆண்டுகள் ஆன பிறகு, 1977இல் நியூயார்க்கின் பிராட்வேயில் அவர்களைப் போலவே தோன்றிப் பாடும் நிகழ்ச்சி ஒன்று மேடையேறியது. 1980இல் இங்கிலாந்தில் பூட்லெக் பீட்டில்ஸ் குழு தொடங்கியது. 1988இல் ஆஸ்திரேலியாவில் உருவான ஆஸ்திரேலியன் பிங்க் ஃபிளாய்ட் ஷோ, 1996இல் அசலான பிரிட்டிஷ் ராக் குழு பிங்க் ஃபிளாய்டின் கித்தார் கலைஞர் டேவிட் கில்மோரின் 50ஆவது பிறந்தநாள் விருந்திலேயே வாசிக்கும் அளவுக்கு வளர்ந்தது. நகலை அசலே அழைத்து உட்காரவைத்துக் கேட்ட அந்தச் சம்பவம், இந்தக் கலைக்குக் கிடைத்த நற்சான்று என்று நினைக்கிறேன்.

சென்னைக்குப் பெயர்தான் புதிது, சமாச்சாரம் பழையது. ஏ.வி. ரமணனின் மியூசியானோ, லக்ஷ்மன் ஸ்ருதி போன்ற மெல்லிசைக் குழுக்கள் திரைப்பாடல்களை மேடையில் அச்சு அசலாகக் கொண்டுவருவதையே தொழிலாக வைத்திருந்தன. கல்யாண வரவேற்பில் 'ஆர்க்கெஸ்ட்ரா' இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்த காலமும் உண்டு. கோயில் திருவிழா மேடையில் வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர் வந்து நின்றாலே எழுந்த விசிலைக் கேட்டவர்களுக்கு, வேடம் போட்டு ஆடும் வெளிநாட்டு ட்ரிபியூட் குழுக்கள் அந்நியமாகத் தோன்றா. அண்மை ஆண்டுகளில் மாறியிருப்பது ஒன்றுதான்: 2013இல் டி.எம். சௌந்தரராஜன், 2015இல் எம்.எஸ். விஸ்வநாதன், 2020 செப்டம்பர் 25 அன்று எஸ்.பி. பாலசுப்ரமணியம் என ஒவ்வொருவராக மறைந்த பிறகு, கலவையாகப் பாடும் கச்சேரி குறைந்து, ஒரே பெயரைச் சுற்றி ஒரு மாலை முழுவதையும் அமைக்கும் கச்சேரிக்குக் கூட்டம் கூடுகிறது.

போகும் முன் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: மறைந்தவரோ மூத்தவரோ பாடிய ஒலிப்பதிவு வீட்டில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். இன்று மாலை கிடைக்கப்போவது, அந்தப் பாட்டைச் சுமந்துகொண்டு உயிரோடு நம் முன்னால் உட்கார்ந்திருக்கும் பதினைந்து பேரின் உழைப்பு. காதுக்குள் ஓடும் கேசட்டை நிறுத்திவிட்டு இவர்களைக் கேட்கப் பழகியவருக்குத்தான் டிக்கெட் பணம் செரிக்கும். கீழே வரும் எல்லா நடைமுறைகளும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

முதல் படி: விளம்பரத்தை வரி விடாமல் படியுங்கள்

ட்ரிபியூட் என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று வகைக் கச்சேரிகள் ஒளிந்திருக்கின்றன. ஒலிப்பதிவில் உள்ளதை ஸ்வரம் பிசகாமல் வாசிப்பது ஒரு வகை. பாட்டை எடுத்துக்கொண்டு வேகத்தை மாற்றி, இரண்டு கித்தார், பெட்டிபோல் இருக்கும் தாளவாத்தியமான கஹோன் ஒன்று என்று எளிமையாக்கித் தங்கள் பாணியில் தருவது இன்னொரு வகை. இசை முழுவதையும் முன்பே பதிவுசெய்த 'ட்ராக்'கில் ஓடவிட்டு, பாடகர் மட்டும் மைக்கைப் பிடிப்பது மூன்றாவது. மூன்றும் நேர்மையான வகைகள்தாம். ஒன்றை எதிர்பார்த்து இன்னொன்றுக்குப் போய் உட்கார்வதுதான் மனக்கசப்பு. 'லைவ் ஆர்க்கெஸ்ட்ரா' என்று போட்டிருக்கிறதா, எத்தனை வாத்தியக்காரர்கள், வயலின் பிரிவு உண்டா என்று பாருங்கள். பாடகர்களின் படங்கள் மட்டும் பெரிதாக இருந்து, வாசிப்பவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் எச்சரிக்கையாக இருக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சம்பந்தப்பட்ட இசையமைப்பாளரின் படத்தைப் பெரிதாகப் போட்டு, நிகழ்ச்சியை நடத்தும் குழுவின் பெயரைப் பொடி எழுத்தில் போடுவது ஒரு பழைய தந்திரம். அவரே வருகிறார் என்று நம்பி ஊரிலிருந்து அப்பாவை அழைத்துவந்து, உள்ளே போனபின் விழித்தவர்களுள் நானும் ஒருவன். அப்பா மூன்று மணி நேரமும் மேடையின் இடதுபக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவர் கடைசியிலதான்டா வருவாரு" என்று எனக்கே சமாதானம் சொன்னார். அந்த நிகழ்ச்சியை நடத்தியவர்கள்மீது எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை.

இரண்டாம் படி: இடமும் நாளும் இருக்கையும்

மியூசிக் அகாடமி, நாரத கான சபா, வாணி மகால், காமராஜர் அரங்கம், எழும்பூர் மியூசியம் தியேட்டர் போன்ற மூடிய அரங்குகளில் கச்சேரி என்றால் மாதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம், தீவுத்திடல், கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற திறந்தவெளிகள் என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஜனவரி முடிவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை சென்னையில் வெளியே நின்று பாட்டுக் கேட்க ஏற்ற வாரங்கள்.

இருக்கை விஷயத்தில் நம் ஊரில் ஒரு மூடநம்பிக்கை உண்டு: முன்வரிசைதான் ஒசத்தி. பார்ப்பதற்கு ஒசத்தி, கேட்பதற்கு அப்படியில்லை. பெரும்பாலான அரங்குகளில் ஒலிபெருக்கிகள் மேடையின் இரு ஓரங்களிலும் இருப்பதால், முதல் வரிசையின் நடுவில் உட்கார்ந்தவருக்கு டிரம்ஸும் கித்தார் ஆம்ப்ளிஃபையரும் நேராக மோதும். பாடகரின் குரல் மட்டும் எங்கோ பக்கவாட்டிலிருந்து வரும். ஒலிப் பொறியாளர் தம்முடைய மிக்ஸர் மேசையை எங்கே போட்டிருக்கிறாரோ, அதற்குப் பக்கத்திலோ இரண்டு வரிசை முன்னாலோ கிடைக்கும் இருக்கையே உத்தமம். அவர் தம் காதுக்கு எது சரியாக இருக்கிறதோ அதைத்தான் அரங்கத்துக்குத் தருகிறார். அந்தக் காதுக்குப் பக்கத்தில் நம் காதை வைப்பதுதான் புத்திசாலித்தனம். இந்த இடங்கள் பல நேரங்களில் இரண்டாம் விலை வகுப்பிலேயே கிடைத்துவிடுவது கூடுதல் சந்தோஷம்.

டிக்கெட்டை அதிகாரபூர்வமான வழியில் மட்டும் வாங்குங்கள். 2023 செப்டம்பரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஒரு பெரிய இசை நிகழ்ச்சியில், டிக்கெட் கையில் இருந்தும் உள்ளே நுழைய முடியாமல் ஆயிரக்கணக்கானோர் திரும்பியது இந்த நகரத்துக்கு நினைவிருக்கிறது. அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது, திறந்தவெளி நிகழ்ச்சியென்றால் வாயில் திறக்கும் நேரத்திலேயே போய்விட வேண்டும் என்பதும், எந்த வாயில் வழியாக வெளியே வருவது என்பதை உள்ளே போகும்போதே பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும் என்பதுமே.

மூன்றாம் படி: காதைத் தயார் செய்வது

முந்தைய வாரம் பாடல்களை ஒருமுறை கேட்டுவிட்டுப் போகும் பழக்கம் பலருக்கு உண்டு. நல்லதுதான், ஆனால் கேட்கும் விதத்தை மாற்றுங்கள். பாடகரின் குரலை விட்டுவிட்டு, ஒரு பாட்டில் பேஸ் கித்தாரை மட்டும், இன்னொன்றில் வயலின்களை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். இளையராஜாவின் பாடல்களில் இந்தப் பயிற்சிக்குக் கைமேல் பலன் கிடைக்கும். குரலுக்கு அடியில் பேஸ் கித்தார் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும். அதை ஒருவர் மேடையில் விரலால் எடுத்துவரும்போது, என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் சரிசெய்துகொள்ள வேண்டும். ஸ்டுடியோவில் டஜன் கணக்கான வயலின்கள் சேர்ந்து வாசித்த இடத்தை மேடையில் ஆறு வயலினும் ஒரு கீபோர்டும் நிரப்ப வேண்டியிருக்கும். அசலைப் பாடியவரின் கட்டை (சுருதி) வேறு, இன்று பாடுபவரின் கட்டை வேறு. அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிப் பாடினால் பாட்டின் நிறமே சற்று மாறும், மேல்ஸ்தாயியில் மின்னிய இடம் கொஞ்சம் அடங்கித் தெரியும். இதைக் குறையென்று பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுக்காதீர்கள். அது பாடகர் எடுத்த முடிவு. குரல் உடையாமல் இருபத்தைந்து பாட்டைக் கடக்க அது அவருக்குத் தேவை.

காது என்றதும் இன்னொரு தயாரிப்பும் நினைவுக்கு வருகிறது. 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்பதும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்பதும் தொழிலிடங்களுக்காக அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் வகுத்த கணக்கு. அதன்படி 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அளவுகோலும், இசை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பான் ஒரு ஜோடி சட்டைப்பையில் இருந்தால், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்துவிட்ட அன்று அது உதவும். கைக்குழந்தையையோ சிறுவர்களையோ அழைத்துப் போகிறீர்களென்றால், தலையில் மாட்டும் காதுக்கவசம் கட்டாயம்.

நான்காம் படி: அன்று மாலை

அழைப்பிதழில் 6.30 என்று போட்டிருந்தால் பாட்டு ஏழுக்குத் தொடங்கலாம்; நடுவில் பொன்னாடை, நினைவுப் பரிசு, விளம்பரதாரரின் 'இரண்டே நிமிட' உரை ஆகியவை பதினைந்து நிமிடத்தைத் தின்னலாம். இருந்தாலும் 6.15க்கே உட்கார்ந்துவிடுங்கள். முதல் பாட்டின் பாதியில் இருட்டில் முழங்கால்களை இடித்துக்கொண்டு நடுவரிசைக்குள் நுழைபவரால், அந்த வரிசை முழுவதும் அந்தப் பாட்டை இழக்கிறது. தாமதமாகிவிட்டால் பின்னால் சுவரோரம் நின்று, பாட்டு முடிந்து கைதட்டும்போது நுழையுங்கள். சபாக்களில் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. தாளவாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனியாவர்த்தனம் தொடங்கியதும் காண்டீனுக்கு எழுந்து போகும் கெட்ட பழக்கமும் நமக்குப் புதிதில்லை என்பது வேறு விஷயம். அதே பழக்கம் இங்கே, 'இது தெரியாத பாட்டு' என்று எழுந்து போவதாக வேடம் மாறுகிறது. குழு ஆசையோடு தேடியெடுத்து ஒத்திகை பார்த்தது பெரும்பாலும் அந்தத் தெரியாத பாட்டைத்தான்.

உட்கார்ந்ததும் மேடையை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். ஒருமுறை மூன்றாவது வரிசையில் இருந்தபோது கவனித்தேன்: வயலின்காரர்களின் ஸ்டாண்டில் இருந்த நொட்டேஷன் தாள்கள், மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்கத் துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப்புகளால் பிடிக்கப்பட்டிருந்தன, பச்சை, நீலம், ரோஜா நிறங்களில். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கிளிப்பை எடுத்து, தாளை மாற்றி, மறுபடி மாட்ட அவர்களுக்குப் பத்து விநாடி தேவைப்பட்டது. தொகுப்பாளர் அந்தப் பத்து விநாடியை நிரப்பத்தான் பேசுகிறார் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு "பேசினது போதும், பாட்டப் போடு" என்று யாராவது கத்தினால் எனக்குக் கூசுகிறது. அந்தத் தாள்களில் உள்ள பலவும் கடையில் வாங்கியவை அல்ல. யாரோ ஒருவர் ஒலிப்பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதியவை.

ஐந்தாம் படி: கூடப் பாடுவது

எல்லாச் சண்டைக்கும் மூலம் இதுதான். கூடவே பாடக் கூடாது என்று சட்டம் போட முடியாது. சேர்ந்து பாடும் ஆசையில்தான் பாதிப் பேர் வருகிறார்கள். வேண்டியது இடம் அறிதல். பாடகர் மைக்கை அரங்கத்தின் பக்கம் நீட்டினால் தொண்டை கிழியப் பாடுங்கள். கோரஸ் வரும் இடம், எல்லாரும் எழுந்து ஆடும் குத்துப்பாட்டு, கடைசி இரண்டு பாட்டுகள், இவற்றில் தாராளமாகப் பாடலாம். பல்லவியை மெதுவாக முணுமுணுக்கலாம். உங்கள் குரல் உங்களுக்கே கேட்காத அளவுக்கு என்பது என் அளவுகோல். மென்மையான பாட்டின் சரணத்திலும், பாடகர் தாளமில்லாமல் தொடங்கும் தொகையறாவிலும், ஹம்மிங்கிலும் வாயைத் திறக்காதீர்கள். இடையிசையையும் சிலர் 'தரரா' என்று பாடிக்காட்டுவார்கள். அவர்களுக்கு வயலின்கள் எழுதப்பட்டதே தாங்கள் பாடத்தான் என்ற எண்ணம்.

நானும் அந்த வகைதான். சில ஆண்டுகளுக்கு முன் மயிலாப்பூரில் ஒரு கச்சேரியில், எனக்குப் பிடித்த ஒரு டூயட்டின் ஆண்குரல் பகுதியைச் சுருதி சுத்தமாகவே பாடிக்கொண்டிருந்தேன். முன்வரிசையிலிருந்து ஒரு பாட்டி மெதுவாகத் திரும்பினார். "தம்பி, நீங்க நல்லாத்தான் பாடறீங்க. ஆனா நான் ஐந்நூறு ரூபா அவருக்குக் குடுத்திருக்கேன்" என்றார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அன்றைய மிச்சக் கச்சேரியை நான் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டேன். முதல்முறையாக அந்தக் குழுவின் பெண்பாடகர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்பதையும் கேட்டேன்.

நீங்கள் பாட்டியின் இடத்தில் இருந்தால் அவர் செய்ததே சரியான வழி. 'உஷ்' என்று சீறினால் பாடுபவருக்கு வீம்பு வரும்; இரண்டு பாட்டுகளுக்கு இடையில் திரும்பி, "சார், கொஞ்சம் மெதுவா" என்று சிரித்துச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் அடங்கிவிடுவார்கள். மீதி இருவருக்கு அரங்கப் பணியாளரை அழைப்பதே நல்லது.

ஆறாம் படி: கைதட்டலின் கணக்கு

பாட்டின் முதல் நான்கு ஸ்வரம் காதில் விழுந்ததும் அரங்கம் 'ஓ' என்று எழும். அந்த 'ஓ' இயல்பானது, அழகானதுங்கூட. ஆனால் அது இரண்டு விநாடியில் அடங்க வேண்டும். ஒரு புல்லாங்குழல் கலைஞர் தேநீர் நேரத்தில் என்னிடம் சொன்னார்: "நாலு நாள் உக்காந்து எடுத்த ஓபனிங் சார் அது. இன்னிக்கு வரைக்கும் ஒரு ஹால்லயும் முழுசா கேட்டதில்ல. எனக்கே கேக்காது." பாட்டை அடையாளம் கண்டுகொண்ட பெருமையில் அந்தப் பாட்டின் வாசலையே நாம் அடைத்துவிடுகிறோம்.

தாளத்துக்குக் கைதட்டுவதில் ஒரு பௌதிகச் சிக்கல் இருக்கிறது. ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு டிரம்ஸ் அடி 0.09 விநாடி தாமதமாகக் கேட்கிறது. அவர் அதற்குச் சரியாகத் தட்டினாலும், அந்தத் தட்டல் மேடைக்குத் திரும்பிப் போக இன்னொரு 0.09 விநாடி ஆகிறது. நிமிடத்துக்கு 120 அடி உள்ள பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி அரை விநாடிதான். ஆக, வாசிப்பவர் காதில் நம் கைதட்டல் மூன்றில் ஒரு பங்கு அடி பின்தங்கி விழுகிறது. ஆயிரம் பேர் இப்படித் தட்டினால், குழுவின் ஒலியை நேராகக் கேட்கக் காதுக்குள் மானிட்டர் மாட்டிக்கொள்ளாத ஒரு தபேலாக்காரர் எதைப் பிடித்துக்கொண்டு வாசிப்பார்? அதனால், குழு தானே கையை உயர்த்தித் தட்டச் சொன்னால் மட்டும் தட்டுங்கள்; அவர்கள் நிறுத்தும்போது நிறுத்துங்கள். மெதுவான பாட்டில் தாளத்துக்குத் தட்டவே தட்டாதீர்கள்.

பாராட்டுக்கான கைதட்டலைத் தாராளமாகக் கொடுங்கள். ஒரு வயலின் தனிப்பகுதி முடிந்த உடனே, பாடகர் சரணத்தை எடுப்பதற்குள் ஒரு குறுகிய கைதட்டல் விழுந்தால், அது வாத்தியக்காரருக்குப் போய்ச் சேரும். பாட்டு முடிந்தபின் வரும் பெரிய கைதட்டல் முழுவதும் பாடகர் கணக்கிலேயே வரவாகிவிடுகிறது.

ஏழாம் படி: ஒன்ஸ்மோரும் நேயர் விருப்பமும்

மூன்று மணி நேரத்தில் பேச்சு, இடைவேளை போக இருபத்தைந்து பாட்டு பாடலாம். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. மூடிய அரங்குகளுக்கு அந்தத் தடை இல்லையென்றாலும், அவை வாடகை நேரக் கணக்கில் ஓடுபவை. எனவே 9.40க்கு நாம் கேட்கும் ஒன்ஸ்மோர், பட்டியலின் அடியில் காத்திருக்கும் வேறொரு பாட்டைக் கொல்கிறது. ஒன்ஸ்மோர் கேட்க ஆசையிருந்தால் இடைவேளைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒத்திகை பார்க்காத பாட்டைக் கத்திக் கேட்பதில் பயனில்லை. பாடகருக்கு வரிகள் தெரிந்திருக்கலாம், ஆனால் இடையிசைக்கு யாரிடமும் தாள் இருக்காது. கேட்டே ஆக வேண்டுமென்றால், ஒரு துண்டுச் சீட்டில் பாட்டின் முதல் வரியையும் படத்தின் பெயரையும் புரியும்படி எழுதி, இடைவேளையில் தொகுப்பாளரிடமோ மேடை ஓரத்தில் நிற்கும் உதவியாளரிடமோ கொடுங்கள். வராவிட்டால் வருத்தப்படாதீர்கள். திருவிழா மேடையில் செய்வதுபோல் ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்த மேடையேறுவது அரங்கக் கச்சேரியில் வேண்டாம். பெண்பாடகர்களை அது எவ்வளவு சங்கடப்படுத்துகிறது என்பதை அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

எட்டாம் படி: கைப்பேசி

ஒரு பாட்டில் ஒரு சரணத்தைப் படம் பிடியுங்கள், போதும். கைப்பேசியை நெஞ்சுக்கு மேலே தூக்காதீர்கள், திரையின் வெளிச்சத்தை முழுவதும் குறையுங்கள், ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். ஃபிளாஷ் வெளிச்சம் சில மீட்டருக்கு மேல் போகாது, எனவே உங்கள் முன்னால் இருப்பவரின் வழுக்கைதான் படத்தில் பளிச்சென்று விழும். டார்ச்சை ஏற்றி ஆட்டுவது மேடையிலிருந்து கேட்டுக்கொண்டால் மட்டும். வெளிநாட்டில் இருக்கும் தங்கைக்கு வீடியோ அழைப்பில் மூன்று பாட்டைக் காட்டுவது பாசம்தான். ஆனால் அவர் அங்கிருந்து "கேக்குதுண்ணா, கேக்குது" என்று சொல்வது இங்கே நான்கு வரிசைக்குக் கேட்கிறது.

முழுக் கச்சேரியையும் பதிவுசெய்து வலையேற்றுவது வேறு சங்கதி. மேடையில் இசைப்பதற்கே பாடல் உரிமையாளர்களுக்குக் கட்டணம் உண்டு; 1969இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு அதைத்தான் வசூலிக்கிறது. 2017இல் தம் பாடல்களை மேடையில் பாட அனுமதி வேண்டும் என்று இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கே வழக்கறிஞர் நோட்டீஸ் போனபோது தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. நீங்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும், குழு வாங்கிய உரிமம் உங்கள் வலையேற்றத்துக்குப் பொருந்தாது.

ஒன்பதாம் படி: ஆடுவதும் அழுவதும்

இருக்கை போட்ட அரங்கில் ஆட ஆசை வந்தால், பக்கவாட்டு நடைபாதையின் பின்கோடிக்குப் போய்விடுங்கள். நின்று பார்க்கும் மைதானப் பகுதியில் ஆடலாம், ஆனால் உங்களைச் சுற்றி ஒரு கை நீளத்துக்குள் அடங்க வேண்டும். நெரிசலைச் சாக்காக வைத்துப் பெண்கள்மீது கை போடுபவன் ரசிகன் இல்லை, குற்றவாளி, கண்ணில் பட்டால் பார்க்காததுபோல் திரும்பிக்கொள்ளாமல், அந்தப் பெண்ணிடம் "அக்கா, ஹெல்ப் வேணுமா?" என்று கேட்டு, காவலரை அழையுங்கள். சேற்று நிலமென்றால் நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பின்னால் இருப்பவர்களுக்குத் திரைபோடும் குடையைவிட மழைக்கோட்டே மேல்.

எஸ்.பி.பி. மறைந்து ஓராண்டு கழித்து நடந்த ஒரு கச்சேரியில், என் பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். ஒரு பாட்டுத் தொடங்கியதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைக்காமலே அழுதார். பாட்டு முடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாரோடும் கைதட்டினார். அடுத்த வரிசையில் இருந்த ஓர் இளைஞர் அவர் பக்கம் கைப்பேசியைத் திருப்பினார். நான் கையை நீட்டி மறைத்தேன். அழுகிறவரைத் தேற்ற வேண்டியதும் இல்லை, பார்க்க வேண்டியதும் இல்லை. அவர் யாரை நினைத்து அழுகிறார் என்பது நமக்குத் தெரியாது.

பத்தாம் படி: முடிந்த பிறகு

கடைசிப் பாட்டின் நடுவிலேயே வண்டியெடுக்க ஓடுவது சென்னையின் குலவழக்கம். மெட்ரோ இரவு 11 மணி வரை ஓடுகிறது. நந்தனம் மைதானத்துக்கும் எழும்பூர் மியூசியம் தியேட்டருக்கும் நிலையம் நடக்கும் தூரத்திலேயே இருக்கிறது. மெட்ரோவில் போனால் கடைசிப் பாட்டு மிஞ்சும். ஆட்டோவோ டாக்சியோ அழைப்பதானால், அரங்க வாசலில் நின்று அழைக்காமல் அடுத்த தெருமுனைக்கு நடந்துபோய் அழையுங்கள்; சீக்கிரம் வந்துசேரும்.

பத்து நிமிடம் இருக்க முடிந்தால் மேடைப் பக்கம் போய்ப் பாருங்கள். பாடகர்களைச் சுற்றிச் செல்ஃபிக் கூட்டம் இருக்கும். அவர்களிடம் "அப்படியே அவர் குரல்" என்று சொல்வது பாராட்டு என்று நாம் நினைக்கிறோம், அவர்கள் அதை ஆயிரமாவது முறையாகக் கேட்டுச் சிரிக்கிறார்கள். கூட்டம் இல்லாத பக்கம் வாத்தியக்காரர்கள் பொருட்களைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருப்பார்கள். அங்கே போய், குறிப்பாக எந்த இடம் பிடித்தது என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். போன மாதம் ஒரு பேஸ் கித்தார்க்காரரிடம், "மூணாவது பாட்டுல, ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி நீங்க மேல இருந்து படிப்படியா இறங்கி வந்தீங்களே, அது ரொம்ப நல்லா இருந்துச்சு சார்" என்றேன். கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்த கை நின்றது. என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, மேடையின் மறுகோடியில் சிம்பலைக் கழற்றிக்கொண்டிருந்தவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "மச்சி, இங்க வாயேன். சார் பேஸ் கேட்டிருக்காருடா."